குறித்த நேரத்தில் எரியும் பல்ப்

எங்கள் வீட்டில் இன்னும் யாரும் நித்திரை கொள்ளவில்லை. அப்பா ஹோல் லைட்டை அணைத்துவிட்டுக் கதிரையில் இருக்கிறார். அம்மா அறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருக்கிறார். நான் மேசை லாம்புக்கு மேல் துவாயைப் போட்டு, வெளிச்சம் யன்னலில் விழாமல் மறைத்து வைத்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் விடியும்வரை இருக்க ஏலாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் கிழமையே உயர்தர வகுப்புப் பெற்றோர் எல்லோரையும் கூப்பிட்டார்கள். புது பிரின்சிபல் மேடம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருசம் பள்ளிக்கூடம் பிள்ளைகளிடம் என்னென்ன எதிர்பார்க்கிறது என்று சொல்லத் தொடங்கினார். ஏழு மணிக்கு முன் கேற்றுக்குள் நிற்கவேண்டும். பிந்தி வந்தால் வராத மாதிரித்தான். பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆளுக்கொரு செய்முறை வேலை செய்துகாட்ட வேண்டும், அதற்கு இருபது புள்ளி. முதலாம் தவணையில் சராசரி அறுபதுக்குக் கீழே போனால் ஓகஸ்ட் பரீட்சைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பாது. விரும்பினால் பள்ளிக்கூடப் பெயர் இல்லாமல் பிரைவேற்றாக எடுக்கலாம்.

“மழை, பஸ், செக்பொயின்ற், ரவுண்டப், இதொண்டும் என்னட்டக் காரணமா வரக்கூடாது,” என்றார் மேடம். “நானும் அதே ரோட்டாலதான் வாறன்.”

மேடம் வருவது காரில்.

அப்பா முன் வரிசையில் இருந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அப்பாவின் பெயர் இரத்தினசிங்கம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். யார் மைக் பிடித்தாலும் அப்பாவுக்குத் தலை தானாக ஆடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். “பொடியன் போன தவணை ஏன் குறைஞ்சவன் எண்டு சொன்னனீங்களோ?”

“அதைச் சபையில எப்பிடிச் சொல்லுறது, ஜெகா?”

“ஓம் மேடம், ஓம் மேடம் எண்டு மட்டும் சொல்லத் தெரியும்.”

போன தவணை இரசாயனப் பேப்பர் அன்று விடிய கொட்டாஞ்சேனையில் எங்கள் ரோட்டை ஆமி சுற்றிவளைத்து ரவுண்டப். என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா பள்ளிக்கூடக் கடிதத்தோடு வந்து எடுக்கும்போது பின்னேரமாகிவிட்டது. பேப்பரில் பூச்சியம். அதனால்தான் சராசரி ஐம்பத்துச் சொச்சம். இந்தத் தவணையும் அறுபதைத் தொடாவிட்டால் நான் பிரைவேற்.

பிரைவேற் என்றால் படிப்பு மட்டும் போவதில்லை. வெள்ளைச் சீருடை போகும். பள்ளிக்கூட அட்டை போகும். பதினெட்டு வயது, அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம், உடம்பில் கலர் சேர்ட். அப்படி ஒரு பொடியன் கொழும்பில் ரோட்டைக் கடப்பதே ஒரு வேலை. இப்போதுகூட என்னை விடுகிறார்கள் என்றால் அது என் முகத்துக்காக இல்லை, அந்த வெள்ளைக் களிசானுக்காக.

பௌதிக வேலையைச் சிவபாதசுந்தரம் சேர் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார். சேர் யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்தவர். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் தனியாக இருக்கிறார். சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவருடைய உலகத்தில் மின்னோட்டம் இருக்கிறது, தடை இருக்கிறது, வேறொன்றும் இல்லை. எனக்கு வந்த சீட்டை விரித்தேன். ‘குறித்த நேரத்தில் மின்குமிழை ஒளிரச் செய்யும் சுற்று.’

பக்கத்தில் இருந்த இப்றாஹிம் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான். “மச்சான், மணிக்கூடு, பற்றரி, வயர். இத நீ பஸ்ஸில கொண்டு வரப் போறியா, இல்லாட்டி பொலிஸே வந்து தூக்கிட்டுப் போகணுமா?”

“வாயை மூடடா.”

“எனக்கு மழை வந்தா அடிக்கிற மணி. மாத்துவமா?”

மாற்றலாமா என்று சேரிடம் கேட்டேன்.

“ஏன்? கஷ்டமோ?”

“இல்லை சேர்… கொண்டு வாறதுதான்…”

“கொண்டு வாறதுக்கு என்ன? நாலு பற்றரி பாரமோ?” வகுப்பு சிரித்தது. “கஷ்டமெண்டா ஆர்ட்ஸுக்குப் போ. அங்க ஒண்டும் தூக்கத் தேவையில்லை.”

எல்லோருக்கும் முன்னால் என்ன சொல்வது? சேர், நான் தமிழன், நீங்களும் தமிழன், இது மணிக்கூடு என்றா? சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

மூன்று கிழமை வேலை. பழைய அலாரம் மணிக்கூட்டின் பின்பக்கத்தைக் கழற்றி, மணி அடிக்கும் இடத்தில் ஒரு தகடு பொருத்தினேன். நேரம் வந்ததும் தகடு தொட்டுப் பல்ப் எரியும். முதல் தடவை எரிந்தபோது அப்பா கை தட்டினார். பிறகு கை தட்டியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று யன்னலைச் சாத்தினார்.

“இதை எப்பிடிக் கொண்டு போறது?” என்று அம்மாதான் கேட்டார்.

வான் பிடிக்கலாமா என்று அப்பா யோசித்தார். வானை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். கடிதம் எழுதித் தரச்சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டேன். இப்படிக் கடிதமெல்லாம் கொடுக்க அனுமதி இல்லை என்று ஒஃபிஸில் சொன்னார்கள். செய்யச் சொல்ல அனுமதி இருந்திருக்கிறது.

கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னார். “ஒராளிட்ட முழுசும் இருந்தாத்தானே பிரச்சினை? பிரிச்சுக் கொண்டு போவம்.”

அப்பாவின் சின்ன ரேடியோவுக்குள் நாலு பற்றரியையும் போட்டோம். வயர் அம்மாவிடம், உடுப்புக் காயப்போடும் கொடி என்று சொல்ல. மணிக்கூடும் பல்பும் பலகையும் என்னிடம். மூன்று பேரும் தெரியாத ஆட்கள் மாதிரி வேறு வேறு சீற்றில் இருக்கவேண்டும். அப்போது எங்கள் மூவருக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. குண்டு கொண்டுபோகிறவர்களும் இப்படித்தானே கொண்டுபோவார்கள்? ஒருவர் மாட்டி, மற்ற இரண்டு பேரும் ‘இவரைத் தெரியாது’ என்று சொல்லிவிட்டு, பிறகு மூன்று அட்டையிலும் ஒரே விலாசம் இருந்தால்? அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவுக்கும் அதே நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். முகம் வெளிறிப்போய் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

கோட்டை தாண்டியதும் செக்பொயின்றில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை.

ஆமிக்காரன் அப்பாவின் ரேடியோவைத் தூக்கிப் பார்த்தான். போட்டுக் காட்டச் சொன்னான். அப்பா அவசரத்தில் சத்தத்தை முழுதாகத் திறந்துவிட்டார். சிங்களப் பைலாப் பாட்டு ஒன்று ரோட்டு முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஆமிக்காரனும் கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

பிறகு என் முறை. பைக்குள் கைவிட்டு மணிக்கூட்டை எடுத்தான்.

“மேக்க மொக்கத?” இது என்ன என்று கேட்டான்.

“இஸ்கோலெட்ட, மஹத்தயா.” பள்ளிக்கூடத்துக்கு, ஐயா என்றேன்.

“இஸ்கோலே ஓர்லோசு நெத்த?” பள்ளிக்கூடத்தில் மணிக்கூடு இல்லையா என்று கேட்டுவிட்டு, காதோடு வைத்துப் பார்த்தான். நல்ல காலம், சாவி கொடுக்காததால் அது ஓடவில்லை. என் அட்டையைப் பார்த்தான். சீருடையைப் பார்த்தான். திரும்ப அட்டையைப் பார்த்தான்.

அந்த நேரம் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “தம்பி, கொலர் பட்டனைப் பூட்டு! பிள்ளை மாதிரி நில்!”

தெரியாத ஆளாக இருக்கவேண்டிய அம்மா.

ஆமிக்காரன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அம்மத?” என்றான். நான் தலையாட்டினேன். மணிக்கூட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, என் கொலர் பட்டனை அவனே பூட்டிவிட்டு, போகச் சொன்னான். அவனுடைய விரல் என் தொண்டையில் பட்டது இன்னும் அங்கேயே இருக்கிறது.

பம்பலப்பிட்டியில் இறங்கி, பள்ளிக்கூட மதிலோடு நின்று அப்பாவும் அம்மாவும் தங்கள் பங்கை என் பையில் போட்டார்கள். அப்பா வெறும் ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அம்மா, “நல்லாச் செய்,” என்றார்.

நல்லாகத்தான் செய்தேன். எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டி, பற்றரிகளை வயரோடு சேர்த்து டேப் சுற்றி, சேருக்கு முன்னால் வைத்தேன். சொன்ன நேரத்துக்குப் பல்ப் எரிந்தது. சேர் குனிந்து பார்த்தார்.

“வேலை செய்யுது. ஆனா லேபல் இல்லை. எது நேர், எது மறை எண்டு பார்க்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?”

“எழுதுறன் சேர்.”

“எழுதி, பேரும் போட்டு நாளைக்குக் கொண்டு வா. நாளைக்குத்தான் பிரின்சிபல் மேடமும் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து வாற ஆக்களும் பார்க்கினம். புள்ளி அப்பத்தான்.”

பேர் அங்கேயே எழுதினேன். பிறகு கேட்டேன். “சேர், நாளைக்குத்தானே. இஞ்சையே வச்சிட்டுப் போகட்டோ?”

“ஏலாது. புதுச் சுற்றறிக்கை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு பொதியும் கட்டடத்துக்குள்ள இருக்கக்கூடாது. பாதுகாப்பு.”

பாதுகாப்பு! பள்ளிக்கூடத்தின் பாதுகாப்புக்காக இதை நான் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். நாளை விடியத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்பா வேலையில், அம்மா வீட்டில். பிரித்துக்கொண்டு போவதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்ததில் தாடை நொந்தது. அந்தப் பலகையை நிலத்தில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது. ஆனால் அதில் இருபது புள்ளி இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டது. பியோன் சாவிக் கொத்தோடு மேல்மாடியிலிருந்து பூட்டிக்கொண்டு வந்தார். டேப்பை அவிழ்க்க நேரம் இல்லை. எல்லாவற்றையும் அப்படியே ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு, வகுப்பின் பின்னால் இருந்த அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் தள்ளிவிட்டுப் படியால் இறங்கினேன். வெறும் பையோடு பஸ்ஸில் வந்தேன். செக்பொயின்றில் பையை நானே விரித்துக் காட்டினேன். அவ்வளவு சந்தோசம்.

அம்மாவும், “விட்டிட்டு வந்தியோ? நல்ல வேலை செய்தாய்,” என்று தேத்தண்ணி தந்தார்.

அப்பா வந்து சாப்பிட இருந்தபோதுதான் டிவியில் அந்த அறிவித்தல் போனது. பஸ்ஸிலோ பொது இடத்திலோ உரிமையாளர் இல்லாத பொதியைக் கண்டால் தொடவேண்டாம், உடனே பொலிசுக்கு அறிவிக்கவும். தினமும் போகிற அறிவித்தல். அப்பாவின் கை சோற்றில் நின்றது.

“நீ அதை ஆரிட்டக் குடுத்திட்டு வந்தனி?”

“ஒருத்தரிட்டயும் இல்லை. அலுமாரிக்குப் பின்னால.”

“பற்றரி?”

“பூட்டினபடி.”

“மணிக்கூடு?”

“ஓடிக்கொண்டு… ஓடும் எண்டு நினைக்கிறன்.”

“பேர்?”

“எழுதினனான்.”

அம்மா தலையில் கைவைத்தார். “நான் நல்ல வேலை செய்தாய் எண்டெல்லோ சொன்னனான்!”

விடிய முதலில் வருவது கூட்டுகிறவர்கள். அலுமாரிக்குப் பின்னால் தும்புத்தடியை விடுவார்கள். டிக் டிக் என்று ஒரு சொப்பிங் பை. பொலிஸ் வரும், ஆமி வரும், காலி வீதியை மூடுவார்கள். பலகையில் என் பெயரும் வகுப்பும் அழகான எழுத்தில் இருக்கும். அப்பாவும் நானும் இந்த நேரத்தில் பம்பலப்பிட்டிக்குப் போய் ஒரு பூட்டிய பள்ளிக்கூட மதிலால் ஏறிக் குதிக்கவும் முடியாது.

அப்பா சேருக்குப் போன் எடுத்தார். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை. மூன்றாம் முறைதான் சேர் பதில் தந்தார். நாங்கள் மூன்று பேரும் போனில் காதை ஒட்டினோம்.

“சேர், நான் நிருஜன்ட அப்பா. பிள்ளை ஒரு பிழை விட்டிட்டான். அந்தப் பை…”

“தெரியும்,” என்றார் சேர். குசுகுசுத்த குரல். “அலுமாரிக்குப் பின்னால. பூட்ட முதல் பார்க்கப் போய் நான் கண்டிட்டன்.”

“கடவுளே. பெரிய உதவி சேர்.”

“உங்கட பிள்ளையின்ட மட்டுமில்லை. ஏழு பை. மேசைக்குக் கீழ, கதவுக்குப் பின்னால, குப்பை வாளிக்குள்ள ஒண்டு. இப்றாஹிமும் விட்டிட்டுப் போயிட்டான்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒருவரும் ஒருவரிடமும் சொல்லாமல் ஏழு பேரும் அதையேதான் செய்திருக்கிறோம்.

“பலகையளை மேசையில அடுக்கிப்போட்டு, பற்றரி எல்லாத்தையும் கழட்டி ஒரு பையில போட்டு, உங்கட மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு நடந்தே வந்திட்டன். இப்ப என்ர றூமில இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். மூச்சு வாங்குவது கேட்டது. “இரத்தினசிங்கம், முன் லொட்ஜில இப்ப செக் பண்ணுறாங்கள். ஜீப் நிக்குது. அடுத்தது இஞ்சதான். யாழ்ப்பாண விலாசக்காரன்ட றூமில இருபத்தாறு பற்றரி. நான் என்ன சொல்லுறது? பௌதிகம் எண்டோ?”

சேரின் குரல் உடைந்தது. ஆர்ட்ஸுக்குப் போ என்று சொன்ன அதே குரல். எனக்கு அவர் மேல் மூன்று கிழமையாக இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கோபமும் போகவில்லை, பயமும் வந்து பக்கத்தில் இருந்துகொண்டது.

“கடல் கிட்டத்தானே சேர், எறிஞ்சிடுங்கோவன்,” என்றார் அப்பா.

“வெளியில இறங்கேலாது.”

அம்மா போனைப் பறித்தார். “சேர், லொட்ஜில மற்ற றூமில ஆக்கள் இருக்கினமோ?”

“ஓம். வெளிநாட்டுக்குப் போகவெண்டு வந்து நிக்கிற சனம்.”

“றூமுக்கு ரெண்டு ரெண்டாக் குடுங்கோ. ரெண்டு பற்றரி இருந்தா டோர்ச்சுக்கு எண்டு சொல்லலாம். மணிக்கூட்டுக்குள்ள கிடக்கிற தகட்டைக் கழட்டிப்போட்டு மேசையில வையுங்கோ. மணிக்கூடு எல்லாற்ற மேசையிலயும் இருக்கும்.”

“நான் அவையோட கதைக்கிறேல்லை.”

“இண்டைக்குக் கதையுங்கோ!”

சேர் போனை வைக்காமல் நடந்தார். செருப்புச் சத்தம், கதவு தட்டுகிற சத்தம். “தம்பி, குறை நினைக்காதை. இதில ரெண்டைப் பிடி.” யாரோ ஏன் என்று கேட்டார்கள். “நான் வாத்தி. பிறகு சொல்லுறன்.” அடுத்த கதவு. ஒரு பெண், “எங்களிட்ட டோர்ச்சே இல்லையே ஐயா,” என்றார். “அப்ப என்ர டோர்ச்சையும் பிடியுங்கோ பிள்ளை.” பிறகு கீழே யாரோ சிங்களத்தில் கத்துவது கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் சேருக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தால் அங்கே யார் கையில் போன் இருக்கும்? அப்பா லைட்டை அணைத்தார். அம்மா நடக்கத் தொடங்கினார். எனக்கு இரண்டு விஷயம் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. சேரைப் பிடித்தால் மணிக்கூடு யாருடையது என்று கேட்பார்கள். சேரைப் பிடித்தால் இருபது புள்ளி யார் போடுவது? இரண்டாவது நினைப்பு வந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. அப்பாவின் போன் கிர்ரென்றது. சேரின் மெசேஜ். ‘போய்விட்டார்கள். பிரச்சினை இல்லை. நாளைக்குச் சுற்றைக் கொண்டுவரத் தேவையில்லை. படம் கீறிக் கொண்டுவந்தால் போதும், அதற்கே புள்ளி போடுவேன். மற்ற ஆறு பேருக்கும் சொல்லவும். லேபல் முக்கியம்.’

அப்பா இரண்டு தரம் வாசித்துவிட்டு நெஞ்சைத் தடவினார். அம்மா சுவாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மற்ற ஆறு பேரும் யார் என்று தெரியாததால் நான் வகுப்பில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். ‘படம் போதுமாமா? அப்ப ஏன்டா இவ்வளவும்?’ என்று இப்றாஹிம் உடனே பதில் போட்டான். அவனும் நித்திரை கொள்ளவில்லை.

உண்மைதான். ஒரு படம் போதும் என்றால் ஜனவரியிலேயே கீறிக் கொடுத்திருப்பேன். அரை மணித்தியால வேலை. கோபத்தோடுதான் கீறினேன், ஆனால் நல்லாக வந்தது. பற்றரி நாலு, வயர், பல்ப், மணிக்கூடு, மணிக்கூட்டுக்குள் தகடு தொடுகிற இடத்தைப் பெரிதாக்கித் தனிப் படம். நேர், மறை எல்லாம் லேபல் போட்டேன். மேலே தலைப்பு. கீழே பெயர்.

மை காய்வதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். லாம்பு வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தார்.

“தம்பி, இதை நாளைக்கு எப்பிடிக் கொண்டு போவாய்?”

“பைக்குள்ள. படம்தானே அப்பா.”

“படம்தான்,” என்றார். “மணிக்கூட்டை எடுத்தவன் காதில வச்சுப் பார்த்திட்டு விட்டிட்டான். இதை எடுத்தானெண்டா?”

நானும் பார்த்தேன். நேரம் வந்ததும் எது எதைத் தொடும், எங்கே மின் போகும், எல்லாம் அம்புக்குறி போட்டு, தமிழில், என் கையெழுத்தில், என் பெயரோடு. பஸ்ஸில் கொண்டுபோன மணிக்கூடு இதற்குக் கிட்டவும் வராது.

“லேபலை எடுத்துவிடட்டோ?”

“எடுத்தா சேர் புள்ளி போடுவாரோ?”

பேனையை எறிந்தேன். அது கட்டிலுக்குக் கீழே உருண்டு போனது.

அம்மா வந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். மடித்துப் பார்த்தார், விரித்துப் பார்த்தார்.

“நாலாய் வெட்டினா ஒருத்தருக்கும் விளங்காது,” என்றார். “உங்களிட்ட ஒண்டு, என்னட்ட ஒண்டு, இவனிட்ட ரெண்டு. அங்க போய் ஒட்டலாம்.”

அப்பா எந்த இடத்தில் மடிப்பு வருகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். விடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அம்மா குசினி லாச்சியை இழுத்துக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.